மேசைமேல் விழும் துணி: பிளெண்டரில் மடிப்புகளைச் சரியாக வரவழைக்கும் முறை

ஜவுளிக்கடையில் துணி எடுப்பவர்கள் அதை ஒரு கையில் ஏந்தி, மறுமுனையைத் தொங்கவிட்டுப் பார்த்து, 'நன்றாக விழுகிறது' என்றோ 'விறைப்பாக நிற்கிறது' என்றோ சொல்வது வழக்கம். கணினி அசைபடத்தில் துணியைச் செய்ய விரும்புபவர் எண்களாக மாற்ற வேண்டியது அந்த 'விழுகிறது' என்ற சொல்லைத்தான். பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைபட மென்பொருளைக் கொண்டு, 90 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்ட மேசைமேல் 150 செ.மீ. சதுர விரிப்பு ஒன்றை விழச் செய்வதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். ஆனால் மேசையிலிருந்து தொடங்கப் போவதில்லை. முதலில் வீட்டிலுள்ள ஒரு தட்டின்மேல் உண்மையான துணியைப் போட்டுப் பார்த்து, அதே காட்சியைக் கணினியில் சிறிய அளவில் வரவழைத்து, அங்கே கிடைத்த எண்களை மேசைக்குக் கொண்டுபோவதே நான் பின்பற்றும் வழி. நேராக மேசையில் இறங்கி, ஒவ்வோர் எண்ணாக மாற்றிப் பார்த்துப் பல இரவுகளை வீணாக்கிய பிறகு வந்து சேர்ந்த வழி இது.

துணி ஏன் மடிகிறது

தறியில் நெய்த துணியில் பாவு நூல் நீளவாக்கிலும் ஊடை நூல் குறுக்குவாக்கிலும் ஓடுகின்றன. ஒரு கைக்குட்டையை நூல் ஓடும் திசையிலேயே இழுத்தால் அது ஏறக்குறைய நீள்வதே இல்லை. ஆனால் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் எளிதில் நெகிழ்ந்து கொடுக்கும், ஏனெனில் அங்கே நூல்கள் நீள்வதில்லை, ஒன்றையொன்று சாய்த்துக்கொள்கின்றன. தையற்காரர்கள் பாவாடையைக் 'க்ராஸ்' வைத்து வெட்டினால் அது குழைந்து விழுவதற்கு இதுவே காரணம். மூன்றாவதாக, துணி மிக எளிதில் வளையும். நீட்சிக்கு மிகுந்த எதிர்ப்பு, சாய்வுக்குக் குறைந்த எதிர்ப்பு, வளைவுக்கு மிகச் சொற்பமான எதிர்ப்பு என்ற இந்த ஏற்றத்தாழ்வுதான் துணியைக் காகிதத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் பிரித்துக் காட்டுகிறது. பிளெண்டரில் இவை முறையே டென்ஷன், ஷியர், பெண்டிங் என்ற பெயர்களில் இருக்கின்றன.

இனி மடிப்புக்கு வருவோம். 30 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத் துணியை 18 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டின்மேல் நடுவாக வைத்தால், துணியின் ஓரத்தின் சுற்றளவு சுமார் 94 செ.மீ.; வட்டின் சுற்றளவு சுமார் 56.5 செ.மீ. ஓரம் கீழே சரியச் சரிய அது வட்டின் அருகே நெருங்கி வருகிறது. அங்கே அதற்கு உள்ள இடமோ 56 செ.மீ. சுற்றளவை ஒட்டியது. மிஞ்சிய 37 செ.மீ. சொச்சம் சுருங்கிக் காணாமற்போக முடியாது, நூல் சுருங்காது. எனவே அது அலையலையாக வெளியே தள்ளி மடிப்பாகிறது. எத்தனை மடிப்பு என்பதைத் துணியின் எடையும் வளைவு விறைப்பும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன. விறைத்த துணி கூர்மையாக வளைய மறுப்பதால் சில அகன்ற மடிப்புகளோடு நின்றுவிடும். மெல்லிய பட்டோ பல குறுகிய மடிப்புகளாக உடைந்து விழும்.

தட்டில் ஒரு சோதனை

மேலே சொன்ன 30, 18 என்ற அளவுகள் நானாகச் சொன்னவை அல்ல. துணி விழும் விதத்தை அளக்க 1960களில் இங்கிலாந்தில் குசிக் என்பவர் செம்மைப்படுத்திய கருவியில் வழங்கும் அளவுகள் அவை. துணி ஆய்வகங்களில் இன்றும் அவர் பெயராலேயே அச்சோதனை அழைக்கப்படுகிறது. வட்டின்மேல் துணியைத் தொங்கவிட்டு, அதன் நிழலைக் காகிதத்தில் விழச் செய்து, வட்டுக்கு வெளியே நிழல் அடைக்கும் பரப்பு, துணி தொங்காமல் தட்டையாகவே நின்றிருந்தால் அடைத்திருக்கக்கூடிய பரப்பில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவார்கள். தகரம் போன்ற பொருளுக்கு 100 விழுக்காடு வரும். துணி குழையக் குழைய எண் குறையும். காகிதத்தில் நிழலின் வடிவத்தை வரைந்து வெட்டி, வெட்டிய காகிதத்தை எடைபோட்டே பரப்பைக் கண்டுபிடிக்கும் எளிமையான வழியும் இதில் உண்டு.

வீட்டில் இதைச் செய்ய 18 செ.மீ. அளவுள்ள ஒரு சிறிய தட்டும், அதைத் தாங்க ஓர் உயரமான டம்ளரும், நீங்கள் கணினியில் செய்ய விரும்பும் வகைத் துணியில் 30 செ.மீ. வட்டமாக வெட்டிய ஒரு துண்டும் போதும். தட்டைக் கவிழ்த்து டம்ளரின்மேல் வைத்து, துணியை நடுவாகப் போட்டு, நேர் மேலிருந்து கைபேசியில் படமெடுக்கவும். மிக அருகிலிருந்து எடுத்தால் படம் கோணலாகும். நாற்காலியில் ஏறி நின்று, ஜூம் செய்து எடுப்பது நல்லது. துணியை எடுத்து மறுபடி போட்டு, இப்படி மூன்று முறையாவது செய்யவேண்டும், ஏனெனில் ஒரே துணி ஒரு முறை ஆறு மடிப்பாகவும் அடுத்த முறை ஏழாகவும் விழக்கூடும். துணி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டால், கணினியிலும் ஒரே ஒரு 'சரியான' வடிவத்தைத் தேடி அலைய மாட்டோம்.

படத்திலிருந்து இரண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மடிப்புகளின் எண்ணிக்கை, நிழற்பரப்பின் விழுக்காடு. 30 செ.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 707 ச.செ.மீ.; 18 செ.மீ. வட்டுக்கு 254 ச.செ.மீ.; இடையே உள்ள வளையம் 452 ச.செ.மீ. மேலிருந்து பார்க்கும்போது துணி மொத்தம் 480 ச.செ.மீ. அடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் வட்டைக் கழிக்க 226 மிஞ்சும். அது வளையத்தில் சரிபாதி, அதாவது 50 விழுக்காடு. பரப்பைத் துல்லியமாக அளக்கப் பொறுமையில்லாதவர்கள் படத்தை அருகில் வைத்துக் கண்ணளவில் ஒப்பிட்டாலும் போதும். மடிப்பின் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடக்கூடாது.

சோதனைக் காட்சியை அமைத்தல்

பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர் என்பதை மறக்காமல், எல்லாவற்றையும் உண்மையான அளவிலேயே செய்யவேண்டும். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதன்று. புவியீர்ப்பு 9.81 என்ற மதிப்பிலேயே இருப்பதால், அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 0.32 நொடியில், அதாவது நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்ற கணக்கில் எட்டுச் சட்டகங்களில் தரையைத் தொடும். பொருள்களைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று காட்சியைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்தால், அதே வீழ்ச்சிக்கு ஒரு முழு நொடி ஆகும். கைக்குட்டை கூடாரத் துணியைப் போல மெதுவாக விழுவதற்குப் பெரும்பாலும் இதைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

முதலில் ஒரு சிலிண்டரைச் சேர்த்து, ஆரம் 0.09, உயரம் 0.02, சுற்றுப்புள்ளிகள் 128 என்று வைத்து, தரையிலிருந்து 25 செ.மீ. உயர்த்தவும். அதன் மேல் ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பெவெல் செய்து மழுக்கிவிடவேண்டும். கத்தி போன்ற ஓரத்தில் துணியின் புள்ளிகள் (துணி பிரிக்கப்படும் கட்டங்களின் மூலைகள்) சிக்கிக்கொள்ளும். பின்பு பிசிக்ஸ் பகுதியில் கொலிஷன் (மோதல்) என்பதை அழுத்தி, அங்குள்ள 'திக்னஸ் அவுட்டர்' மதிப்பை 0.02 என்பதிலிருந்து 0.001 ஆகக் குறைக்கவும். இயல்பு மதிப்பை அப்படியே விட்டால் வட்டைச் சுற்றி இரண்டு செ.மீ. தடிமனுக்குக் கண்ணுக்குத் தெரியாத உறை ஒன்று இருக்கும், 18 செ.மீ. வட்டுக்கு அது மிக அதிகம்.

அடுத்தது துணி. வட்டமான துணி வேண்டும் என்பதற்காக நேராக ஒரு வட்டத்தைச் சேர்த்து நிரப்புவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் எல்லா முக்கோணங்களும் நடுப்புள்ளியில் கூடி, துணி குடைக்கம்பி வைத்தது போல மடியும். தையற்காரர் செய்வதைப் போலச் சதுரத் துணியிலிருந்து வட்டத்தை வெட்டி எடுப்பதே சரி. கிரிட் (கட்டங்களாகப் பிரிந்த சதுரம்) வடிவம் ஒன்றை 0.3 மீட்டர் அளவில், இரு பக்கமும் 40 பிரிவுகளாகச் சேர்த்தால் ஒவ்வொரு கட்டமும் 0.75 செ.மீ. பக்கமுள்ளதாக இருக்கும். மேலிருந்து பார்த்து, 15 செ.மீ. ஆரத்துக்கு வெளியே உள்ள புள்ளிகளை நீக்கிவிடவும். ஓரத்தில் படிக்கட்டுப் போலப் பற்கள் தெரியும். சோதனைக்கு அது ஒரு குறையன்று. கட்டங்களின் வரிசைகள் பாவும் ஊடையும் ஓடுவதைப் போலவே ஓடுவதால், நூல்திசைக்கும் மூலைத்திசைக்கும் உள்ள வேறுபாடும் தானாகவே வந்துவிடுகிறது.

துணியை வட்டுக்கு ஒரு செ.மீ. மேலே நிறுத்தி, செங்குத்து அச்சில் 11 பாகை அளவுக்குத் திருப்பிவைக்கவும். 11 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. 0, 45, 90 ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். கட்டங்கள் வட்டின் புள்ளிகளோடு அச்சுப் பிசகாமல் பொருந்தி நின்றால், நான்கு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே வடிவ மடிப்புகள் வரும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பொய் என்று தெரிந்துவிடும். அளவை மாற்றியிருந்தால் கன்ட்ரோல், ஏ விசைகளை அழுத்தி ஸ்கேலை நிலைப்படுத்திய பிறகே பிசிக்ஸ் பகுதியில் க்ளாத் என்பதைச் சேர்க்கவேண்டும்.

எண்களின் பொருள்

க்ளாத் பகுதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது குவாலிட்டி ஸ்டெப்ஸ். ஒரு சட்டகத்தை எத்தனை சிறு காலத்துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது என்பதே அதன் பொருள். இயல்பு மதிப்பு 5. இதைக் கூட்டினால் படம் 'தரமாக' வரும் என்று பெயரை வைத்துப் பலர் நினைக்கிறார்கள். அடுத்த கணத்தின் விசைகளையும் சேர்த்துத் தீர்க்கும் உட்கிடைக் கணிப்புமுறையை பராஃப், விட்கின் என்ற கணினி வரைகலை ஆய்வாளர்கள் 1998இல் துணிக்குப் பொருத்திக் காட்டியதிலிருந்து, பெரிய காலத்துண்டுகளிலும் துணி வெடித்துச் சிதறாமல் கணக்கிட முடிகிறது. பிளெண்டரின் கணிப்பும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: காலத்துண்டு பெரிதாகப் பெரிதாக, நாம் கேட்காத ஒரு தணிப்பும் கூடவே வந்து சேர்ந்து, துணி தண்ணீருக்குள் அசைவது போல மந்தமாகிவிடும். ஆகவே இந்த எண்ணை மாற்றினால் துணியின் குணமே மாறும். முதலிலேயே 10 என்று வைத்துவிட்டு, மற்றவற்றைச் சரிசெய்து முடிக்கும்வரை அதைத் தொடாமல் இருக்கவேண்டும்.

அடுத்து வெர்டெக்ஸ் மாஸ். இது துணியின் மொத்த எடை அன்று, ஒவ்வொரு புள்ளியின் எடை. இயல்பு மதிப்பு 0.3 கிலோ. நாம் பின்னால் செய்யப்போகும் மேசைவிரிப்பில் 201 × 201, அதாவது 40,401 புள்ளிகள் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் விரிப்பின் எடை 12 டன்னைத் தாண்டுகிறது. மூன்று யானைகளை மேசைமேல் விரித்ததற்கு ஒப்பு! ச.மீட்டருக்கு 150 கிராம் உள்ள பருத்தித் துணியில் அதே விரிப்பின் உண்மையான எடை 340 கிராம்கூட இருக்காது. இதைக் கண்டு பதறி எடையைச் சரிசெய்யப் புறப்படவேண்டாம். உண்மையான எடையைப் புள்ளிகளுக்குப் பகிர்ந்தால் வரும் எண் மிக நுண்ணியது; அதை வைத்துக் கணக்கிட மற்ற எல்லா மதிப்புகளையும் அதே வீதத்தில் குறைக்கவேண்டி வரும். ஓய்ந்து நிற்கும் துணியின் வடிவத்தைத் தீர்மானிப்பது எடைக்கும் விறைப்புக்கும் இடையிலான விகிதமே. எனவே எடையை 0.3 என்றே நிறுத்தி, பெண்டிங்கை மட்டும் நகர்த்துவது எளிது.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு பாடம் மிக முக்கியமானது. எடை புள்ளிக்குப் புள்ளி என்பதால், ஒரே துணியைக் கூடுதல் கட்டங்களாகப் பிரித்தால் மொத்த எடை ஏறிவிடும். வளைவு விறைப்பும் கட்டத்தின் அளவைச் சார்ந்து வேறுவிதமாகச் செயல்படும். குறைந்த கட்டங்களில் அழகாக விழுந்த துணி, கட்டங்களைக் கூட்டியதும் ரப்பர் போலத் தொங்குவதன் மர்மம் இதுதான். இதனால்தான் தட்டுச் சோதனையிலும் மேசைவிரிப்பிலும் கட்டத்தின் பக்க அளவை 0.75 செ.மீ. என்றே வைத்துக்கொள்கிறோம். பக்க அளவு மாறாதவரை, சிறிய துணியில் கிடைத்த எண்கள் பெரிய துணியிலும் செல்லும்.

டென்ஷன், கம்ப்ரஷன் (அமுக்கத்துக்கு எதிர்ப்பு) இரண்டும் இயல்பாக 15 என்று இருக்கும். நெய்த துணிக்கு இரண்டையும் 40 வரை உயர்த்தலாம். ஷியர் 5 என்பது பருத்திக்குப் பொருந்தும்; காகிதத்தை மடித்தது போலக் கூரிய முனைகள் தெரிந்தால் அதைக் குறைக்கவேண்டும். டேம்பிங் (தணிப்பு) மதிப்புகள் துணி எவ்வளவு விரைவில் ஓய்கிறது என்பதை மாற்றுமே தவிர, ஓய்ந்த பின் நிற்கும் வடிவத்தில் பெரிய மாற்றம் தராது. நிலைப்படம் மட்டும் போதும் என்றால் அவற்றைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

மோதல் பகுதியில் கவனம் தேவை. ஆப்ஜெக்ட் கொலிஷனின் டிஸ்டன்ஸ் மதிப்பு 0.015 என்று இருக்கும், அதை 0.002 ஆக்கவும். செல்ஃப் கொலிஷனை (துணி தன்மேலேயே மோதுவதை) இயக்கி, அதன் டிஸ்டன்ஸை 0.004 ஆக வைக்கவும். இரண்டாவது எண் கட்டத்தின் பக்க அளவைவிடக் கட்டாயம் குறைவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளே ஒன்றையொன்று தள்ளத் தொடங்கி, துணி குளிர்காய்ச்சல் வந்தது போல நடுங்கும்.

பெண்டிங்கைத் தேடுதல்

இனி மாறவேண்டியது ஒரே ஓர் எண். பிளெண்டரோடு வரும் முன்னமைப்புகளில் பட்டுக்குப் பெண்டிங் 0.05, பருத்திக்கு 0.5, டெனிமுக்கு 10, தோலுக்கு 150 என்று இருக்கின்றன. கடைசி எண் முதல் எண்ணைப் போல 3,000 மடங்கு. இவ்வளவு அகன்ற வெளியில் 0.5, 0.6, 0.7 என்று ஊர்ந்து போவதில் பயனில்லை; பெருக்கிக்கொண்டும் வகுத்துக்கொண்டும்தான் தேடவேண்டும்.

0.5இல் தொடங்கி, முதற்சட்டகத்திலிருந்து 100ஆம் சட்டகம் வரை ஓடவிட்டு, மேலிருந்து பார்க்கவும். மடிப்புகள் உங்கள் கைபேசிப் படத்தில் உள்ளதைவிட மிகுதியாக இருந்தால் பெண்டிங்கை நான்கு மடங்காக்கவும். குறைவாக இருந்தால் நான்கால் வகுக்கவும். இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் இரண்டு மடங்கு, பாதி என்று நெருங்கலாம். ஐந்தாறு ஓட்டங்களில் எண்ணிக்கை பொருந்திவிடும். துணியில் 1,250 கட்டங்கள் மட்டுமே இருப்பதால் ஒவ்வோர் ஓட்டமும் விரைவில் முடியும். தட்டிலிருந்து தொடங்குவதன் இலாபமே இதுதான். நிஜத் துணியை மூன்று முறை போட்டுப் பார்த்தது போல, இங்கும் கிடைத்த மதிப்பை 11, 23, 37 பாகைத் திருப்பங்களில் சரிபார்க்கவேண்டும்.

ஓட்டும்போது மனத்தில் கொள்ளவேண்டியவை இரண்டு. சிமுலேஷன், அதாவது துணியின் அசைவைக் கணிப்பது, ஒவ்வொரு சட்டகமாகவே முன்னேறும். காலக்கோட்டில் தாவி நடுவே போய் நின்றால் பொருளற்ற வடிவமே தெரியும். ஆகவே 'எல்லாச் சட்டகத்தையும் காட்டு' என்ற பொருளுடைய ப்ளே எவ்ரி ஃப்ரேம் தெரிவை இயக்கி வைக்கவும். எண்ணை மாற்றிய பிறகு முதற்சட்டகத்துக்குத் திரும்பித்தான் மறுபடி ஓட்டவேண்டும். மாற்றம் எதுவுமே தெரியவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் பழைய கேச்சைத்தான் (சேமித்து வைத்த முந்தைய கணிப்பைத்தான்) பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேசைக்கு

மேசையின் உயரம் 75 செ.மீ., விட்டம் 90 செ.மீ. சதுர விரிப்பின் பக்கம் 150 செ.மீ. என்பதால் நடுப்பக்கங்களில் 30 செ.மீ. தொங்கும். மூலைகளோ நடுவிலிருந்து 106 செ.மீ. தொலைவில் இருப்பதால் 61 செ.மீ. தொங்கி, தரைக்கு 14 செ.மீ. மேலே நிற்கும். இந்தக் கணக்கை முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மூலை தரையில் தேய்கிறதா தேயவில்லையா என்பதைப் பொறுத்தே தரைக்கும் கொலிஷன் வேண்டுமா என்பது தெரியும். பார்ப்பவரின் கண் போய் நிற்பதும் அந்த நான்கு மூலைகளில்தான். மிஞ்சிய துணி முழுவதும் அங்கே கூடி, ஒவ்வொரு மூலையிலும் கூம்பு போல ஆழமான மடிப்பாக இறங்கும்.

கிரிட்டை 1.5 மீட்டர் அளவில், 200 × 200 பிரிவுகளாகச் சேர்த்தால் 40,000 கட்டங்கள் கிடைக்கும். பக்க அளவு அதே 0.75 செ.மீ. சோதனையில் கிடைத்த எல்லா மதிப்புகளையும் அப்படியே இட்டு, விரிப்பைச் சில பாகை திருப்பி, மேசைக்கு இரண்டு செ.மீ. மேலே வைத்து ஓட்டவும். உயரத்திலிருந்து போடவேண்டாம். மேசையில் விரிப்பை இடுபவர் கூரையிலிருந்து எறிவதில்லை. மேலும், உயரத்திலிருந்து வேகமாக வந்து மோதும் துணி மேற்பரப்பில் தேவையற்ற சுருக்கங்களை உண்டாக்கிவிடும். சிறிது நடுவிலகலாக வைத்தால், அதாவது ஒரு பக்கம் மூன்று நான்கு செ.மீ. கூடுதலாகத் தொங்கும்படி செய்தால், வீட்டில் ஒருவர் கையால் விரித்த இயல்பு வந்துவிடும்.

இதன் கணிப்புக்குக் கணினியின் வேகத்தைப் பொறுத்துப் பல நிமிடங்கள் ஆகலாம். கோப்பைச் சேமித்துவிட்டு, கேச் பகுதியில் இறுதிச் சட்டகத்தை 150 என்று குறைத்து, பேக் செய்துவிடுவது (கணிப்பை முழுவதும் ஓட்டிச் சேமித்துவிடுவது) நல்லது.

நோயும் மருந்தும்

துணி மேசையைத் தொடாமல் மிதப்பது போல் தெரிந்தால், துணியின் டிஸ்டன்ஸையும் மேசையின் திக்னஸ் அவுட்டரையும் கூட்டிப் பாருங்கள். இடைவெளி ஏறக்குறைய அந்தக் கூட்டுத்தொகை அளவுக்கு இருக்கும். இயல்பு மதிப்புகளில் அது மூன்று செ.மீ.க்கு மேல். ஒருமுறை நான் இதைக் கவனிக்காமல் படம் முழுவதையும் ரெண்டர் செய்து முடித்து, நிழலைப் பார்த்த நண்பர் 'விரிப்புக்குக் கீழே என்ன, மெத்தையா?' என்று கேட்ட பிறகே விழித்துக்கொண்டேன்.

துணி மேசைக்குள் புகுந்து போனால், முதலில் மேசையின் முகங்கள் வெளிப்புறம் நோக்கியிருக்கின்றனவா என்று பார்த்து, தேவையானால் நார்மல்களை (முகங்கள் நோக்கும் திசைகளை) வெளிநோக்கிக் கணக்கிடச் செய்யவேண்டும். அதன்பின் கொலிஷன் குவாலிட்டியை 2இலிருந்து 4 அல்லது 5 ஆக உயர்த்தலாம். மோதும் பொருளின் கட்டங்கள் மிகப் பெரியவையாகவும் ஓரங்கள் மழுக்கப்படாமலும் இருந்தாலும் இதே தொல்லை வரும்.

ஓரம் ரப்பர் போல நீண்டு தொங்கினால் டென்ஷன் போதவில்லை. அதை 80 வரை உயர்த்தலாம். விறைப்பு கூடக் கூடக் குவாலிட்டி ஸ்டெப்ஸையும் கூட்டவேண்டி வரும்; அப்படிக் கூட்டினால் தட்டுச் சோதனைக்குத் திரும்பிப் பெண்டிங்கை ஒருமுறை சரிபார்ப்பதில் சோம்பல் கூடாது.

துணி ஓயாமல் வழுக்கிக்கொண்டே ஒரு பக்கமாகச் சரிந்தால் உராய்வைக் கூட்டவேண்டும். துணியின் கொலிஷன் பகுதியிலும் மேசையின் கொலிஷன் பகுதியிலும் ஃப்ரிக்ஷன் என்ற பெயரில் தனித்தனியே இருக்கிறது. பளபளப்பான மரமேசையில் பட்டுத் துணி சற்றே நழுவுவது இயல்புதான் என்பதால், முழுவதும் ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிடவும் வேண்டாம்.

சேலை முந்தானைக்கு

மேசைவிரிப்பு கைவந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் அடுத்துச் செய்ய விரும்புவது சேலை. ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறக்குறைய 1.1 மீட்டர் அகலமும் உள்ள சேலையை இதே கட்ட அளவில் செய்தால் கட்டங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். முழுச் சேலையையும் உடலைச் சுற்றவிட்டுக் கணக்கிட முயல்வது வீண் உழைப்பு. இடுப்பில் சுற்றிய பகுதியையும் கொசுவத்தையும் சாதாரண மாடலாகவே வடித்துவிட்டு, தோளுக்குப் பின்னால் தொங்கும் முந்தானையை மட்டும் சிமுலேஷனுக்கு விடுவது நடைமுறைக்கு ஏற்றது. ஒரு மீட்டர் நீள முந்தானைக்கு இருபதாயிரத்துக்கும் குறைந்த கட்டங்களே ஆகும்.

தோளில் ஊசி குத்தும் இடத்திலுள்ள புள்ளிகளை ஒரு வெர்டெக்ஸ் குரூப்பாகத் தொகுத்து, க்ளாத்தின் ஷேப் பகுதியிலுள்ள பின் குரூப்பில் அதைக் காட்டவேண்டும். உடலை அசைக்கும் ஆர்மேச்சர் (எலும்புக்கூடு), மாடிஃபையர்களின் (வடிவத்தை மாற்றும் கருவிகளின்) பட்டியலில் க்ளாத்துக்கு மேலே இருந்தால், ஊசி குத்திய புள்ளிகள் தோளோடு சேர்ந்து நகரும். மற்றவை அவற்றைப் பின்தொடர்ந்து விழும். முந்தானையைத் தோளில் ஐந்தாறு மடிப்பாக எடுத்துக் குத்துவதாக இருந்தால், அந்த மடிப்புகளைத் தொடக்க வடிவத்திலேயே வடித்துவிடவேண்டும். துணி எந்த வடிவத்தில் சிமுலேஷனுக்குள் நுழைகிறதோ, அதையே தன் இயல்பான வடிவம் என்று அது எடுத்துக்கொள்ளும். ஆகவே வடித்த மடிப்பு, இஸ்திரி போட்டு எடுத்த மடிப்பைப் போலத் தன்னிலையைக் காத்து நிற்கும். அதே காரணத்தால், கவனக்குறைவாகக் கோணலாக வடித்த ஓரமும் கடைசிவரை கோணலாகவே இருக்கும்.

பட்டுச் சேலையில் உடல் குழையும்; சரிகைக் கரை குழையாது. இந்த வேறுபாடு இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக வண்ணம் தீட்டினாலும் அது பட்டாகத் தெரியாது. கரையிலுள்ள புள்ளிகளுக்கு 1, உடலுக்கு 0 என்று எடை (வெயிட்; இது கனமன்று, விறைப்பின் பங்கு) கொடுத்து ஒரு குரூப் உண்டாக்கி, ப்ராப்பர்ட்டி வெயிட்ஸ் பகுதியில் பெண்டிங் குரூப்பாக அதைத் தெரிவுசெய்து, மேக்ஸ் பெண்டிங் மதிப்பை உடலுக்குரிய மதிப்பைப் போலப் பல மடங்காக உயர்த்தவும். எடை 0 உள்ள இடத்தில் அடிப்படை மதிப்பும் 1 உள்ள இடத்தில் உச்ச மதிப்பும் செயல்படும். கொசுவத்தையும் சிமுலேஷனில் விட நேர்ந்தால், கீழ் ஓரத்தின் உட்புறம் ஃபால்ஸ் தைத்திருக்கும் பட்டைக்கும் இதே முறையில் விறைப்பைக் கூட்டலாம். ஃபால்ஸ் தைக்காத சேலையின் கொசுவம் காலைச் சுற்றி எப்படிச் சுருள்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்கவேண்டியதில்லை.

கடைசி வேலைகள்

துணிக்குத் தடிமன் தரும் சாலிடிஃபை, வழவழப்பாக்கும் சப்டிவிஷன் ஆகிய மாடிஃபையர்கள் பட்டியலில் க்ளாத்துக்குக் கீழேதான் வரவேண்டும். மேலே வைத்தால் தடிமனின் இரு பக்கங்களும் தனித்தனித் துணியாகக் கணக்கிடப்பட்டு, ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டர் போதும். ஓரத்தில் ஒளி பட்டுத் தெரிவதற்காகவே அது. நிலைப்படம் மட்டும் வேண்டுமென்றால், துணி ஓய்ந்த சட்டகத்தில் நின்று க்ளாத் மாடிஃபையரை அப்ளை செய்துவிட்டால், அது சாதாரண மாடலாகி, பிறகு எந்தச் சட்டகத்துக்குப் போனாலும் மாறாமல் நிற்கும். அப்ளை செய்வதற்கு முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவும்.

சோதனைத் தட்டையும் துணியையும் அழித்துவிடாமல் தனிக் கோப்பாகச் சேமித்து, துணியின் வகையையும் கட்டத்தின் அளவையும் கோப்பின் பெயரிலேயே குறித்துவைக்கவும். என்னிடம் 'பருத்தி 0.75', 'வாயில் 0.75', 'பட்டு 0.5' என்று சில கோப்புகள் இருக்கின்றன (வாயில் என்பது மெல்லிய துணிவகை). புதிய காட்சிக்குத் துணி தேவைப்படும்போது அவற்றில் ஒன்றைத் திறந்து, எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.